இருப்புச் சரிபார்ப்பு

சித்தூர்க் கல்லூரி விலங்கியல் துறையில்
மூன்று நாள் எனக்கு வேலை.
பதிவேட்டில் முந்நூற்றுப் பதினொன்று.
அலமாரியில் எத்தனை என்று எண்ணிப் பார்த்து
கையெழுத்துப் போட்டுவிட்டு
பாலக்காட்டுக்கு பஸ் ஏற வேண்டும்.

சாவி மைமூனிடம்.
ஒவ்வொரு பூட்டுக்கும் முன்னால்
"மூச்சைப் பிடிச்சுக்குங்க சார்" என்கிறாள்.
கதவைத் திறந்ததும் ஃபார்மலின்
கண்ணில் மிளகாயாக வந்து உட்காருகிறது.

எண் 4. இருவாச்சி, ஆண்.
கிடைத்த இடம்: கொச்சி சமஸ்தானம்.
அலகின் மஞ்சள் வெளுத்துவிட்டது.
நாலு மைல் தள்ளிச் சுட்டிருந்தால்
மலபார் ஜில்லா என்று எழுதியிருப்பார்கள்.
சமஸ்தானமும் இல்லை, அந்த ஜில்லாவும் இல்லை.
காலில் கட்டிய அட்டைக்கு
யாரும் போய்ச் சொல்லவில்லை.

எண் 37. காட்டுப்பூனை.
கண்ணாடிக் கண் வாங்கப் பணம் வராததால்
பாடம் செய்தவர் கோலிகுண்டு பதித்திருக்கிறார்.
ஒன்று பச்சை.
இன்னொன்று உள்ளே பூச்சுழி போட்ட நீலம்.
உறுமத் திறந்த வாய்தான்.
ஆனாலும் ஆட்டத்தில் ஜெயித்த பையனைப்போல
நிற்கிறது.

எண் 52. எறும்புதின்னி.
நிலை: செதில்கள் குறைவு.
முன்பிருந்த கிளார்க் ஒருவர்
மாதம் ஒன்றாகப் பிடுங்கிப் போனாராம்.
மோதிரத்தில் வைத்துக் கட்டினால்
கடன் அடையுமாம்.
அடைந்ததா?
"ட்ரான்ஸ்ஃபர்தான் வந்துச்சு."

எண் 140 முதல் 203 வரை கடல்குதிரைகள்.
மஞ்சள் மூட்டைக்குள் காய்ந்து கிடந்து
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் பிடிபட்டவை.
ஒன்பது வருஷம் கோர்ட்டில் இருந்துவிட்டு
இங்கே வந்திருக்கின்றன.
கடல் வாசம் இல்லை. மஞ்சள் வாசம்.
அறுபத்து நாலு.
மறுபடி எண்ணினேன். அறுபத்து நாலு.

எண் 288.
அதை மட்டும் துணி போட்டு மூடியிருந்தாள் மைமூன்.
கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாருக்கும் நடுவில்
ரயில் அடித்த யானையின் வயிற்றிலிருந்து எடுத்தது.
முழங்கை நீளம்.
தும்பிக்கை நுனி வாயைத் தொட்டபடி.
கால் நகங்கள் தெரிகின்றன.
நெற்றியில் முடிகூட இருக்கிறது.

மதிப்பு: ரூபாய் 340.
அது ஜாடியின் விலை.
வருஷத்துக்குப் பத்து சதவீதம்
தேய்மானம் கழிக்க வேண்டும் என்பது விதி.
கழித்தேன்.
கால்குலேட்டர் காட்டியதை எழுதாமல்
பேனாவை மூடுவதும் திறப்பதுமாக
கொஞ்ச நேரம் இருந்தேன்.
துணியைத் திரும்பப் போடுமுன் மைமூன்
ஜாடியைச் சற்றே திருப்பி வைத்தாள்,
ஜன்னல் வெயில் முகத்தில் படாமல்.

மூன்றாம் நாள் மாலை கணக்கு இடித்தது.
குறைந்திருந்தால் யார் தலையாவது உருளும்.
இது கூடியிருந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு.

பவளத் தட்டில், சங்குகளுக்குப் பின்னால்
ஒரு தைல பாட்டில்.
உள்ளே பழுப்பாக ஆறு கற்கள்.
அட்டை இல்லை.
"இது எந்தக் கடல்?" என்றேன்.

மைமூன் வலது விலாவுக்குக் கீழே
கை வைத்துக் காட்டினாள்.
"பித்தப்பையில இருந்துச்சு சார்.
தூக்கிப் போட மனசு வரலை.
இங்க எல்லாத்தையும் வச்சிருக்கோம்,
இதுக்கு மட்டும் என்ன?"

எடுத்துவிடச் சொல்லியிருக்கலாம்.
ஆறு மணி பஸ்ஸுக்கு நேரமிருந்தது.
புது வரி போட்டேன். எண் 312.
கல், ஆறு. நிலை: நன்று.
கிடைத்த இடம் என்ற கட்டத்தில்
கொழிஞ்சாம்பாறை என்று எழுதப் போனேன்.
அவள் வீடு அங்கேதான்.

"அறுத்தது கோயமுத்தூர்ல சார்.
சோத்து டப்பாவுக்குள்ள வச்சு
வேலந்தாவளம் வழியாத்தான் கொண்டுவந்தேன்.
யாரும் பிடிக்கலை."